சேம அச்சு

தாத்தா அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "முன்பாரம் பாத்தியாடா?"

அப்பா பதில் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1994ஆம் வருடம். எனக்குப் பதினாறு வயது. அன்று காலை ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஜீப்பில் தோல் ஏற்றிக்கொண்டு போனவர், மாதனூர் தாண்டி ஒரு சின்னப் பாலத்து இறக்கத்தில், பின்னால் இழுத்துக்கொண்டு வந்த டிரெயிலரை இழந்தார். அது தனியாகக் கழன்று, ரோட்டின் வலப்பக்கம் ஓடி, எதிரே சைக்கிளில் வந்த ஒருவரின் காலின்மேல் ஏறிக் கவிழ்ந்தது. அவர் இன்னொரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுக்கவேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் இது 'விதி' என்று பேசப்பட்டது. பிரேக் பிடிக்கவில்லை, ரோடு ஈரம், சைக்கிள்காரர் நடுவில் வந்தார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தாத்தா மட்டும் மறுநாள் பஸ் பிடித்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த டிரெயிலரைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பது வருடம் மாட்டு வண்டி ஓட்டியவர். ஜீப் ஓட்டத் தெரியாது. ஆனால் என்ன நடந்தது என்று அவருக்குத்தான் சரியாகத் தெரிந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

*

பாரவண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரட்டை மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம், நடுவில் ஒரே அச்சு. ஆக, வண்டி ஒரு தராசு. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் ஏர்க்கால் தாழ்ந்து, நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுமே கூடாது. ஆனால் கொஞ்சம் முன்பாரம் வேண்டும். அது இல்லாத வண்டி மேட்டில் ஏறும்போது மாட்டைத் தூக்கிவிடும்.

ஆவாரம்பட்டை ஏற்றும்போது தாத்தா கட்டுகளை அடுக்க யாரையும் விடமாட்டார். ஆலங்காயம் பக்கத்திலிருந்து, ஜவ்வாது மலை அடிவாரத்துப் பட்டையை வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளுக்குக் கொண்டுவருவார். பட்டை பார்க்க லேசு, அடுக்க அடுக்கக் கனம். ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் ஏர்க்காலின் நுனியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "கைக்கு வரணும், ஆனா சும்மா வரக்கூடாது" என்பார். அதுதான் அவருடைய எடைமேடை.

இன்றைக்கு உலகம் முழுக்க டிரெயிலர் இழுப்பவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடமும் இதுவே. டிரெயிலரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் இறங்கவேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால், வேகம் ஏற ஏற டிரெயிலர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. கடைசியில் இழுக்கும் வண்டியையே சேர்த்துத் திருப்பிப்போடும். தாத்தாவின் கையும் இந்தக் கணக்கும் ஒன்றுதான்.

வண்டி வழியில் கெடும் என்பதை ஒத்துக்கொண்டு புறப்படுவது தமிழில் ரொம்பப் பழைய விஷயம். புறநானூற்றின் 102ஆம் பாடல் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றிப் பாடியது. உப்பு விற்கும் உமணர்களின் வண்டி. நுகம் பழகாத இளங்காளைகள். பாரமோ நிறைய. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். என்ன ஆகுமென்று யார் கண்டது என்று நினைத்து, உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. அந்த அச்சைப் போன்றவன் நீ என்று அரசனைச் சொல்கிறார் ஔவையார். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. எங்கள் பாலாற்றங்கரையிலிருந்து அதிகத் தூரமில்லை.

புலவர்கள் இந்தப் பாடலை அரசனின் பெருமைக்காகப் படிப்பார்கள். எனக்கு அதில் வண்டிக்காரன்தான் தெரிகிறான். ஏற்கெனவே பாரம் அதிகம். அதன்மேல் இன்னொரு அச்சின் கனத்தையும் ஏற்றிக்கொள்கிறான். பெரும்பாலான பயணங்களில் அது பயன்படாது. வீணாகச் சுமந்துதான் திரும்புவான். அப்படி வீணாகச் சுமக்க மனம் ஒப்பவேண்டும். பராமரிப்பு என்பதே அந்த மனம்தான்.

தாத்தாவின் வண்டிக்கடியிலும் அப்படிச் சில சாமான்கள் தொங்கும். ஒரு மூங்கில் குழாயில் மை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. மாற்றுக் கடையாணி இரண்டு. ஒரு சுருள் கயிறு. தினம் காலையில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆட்டிப் பார்ப்பார். நாலு நாளைக்கு ஒருமுறை மை போடுவார். கடையாணி போய்விட்டால் ஆணியை வளைத்துச் சொருகிக்கொண்டு ஓட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "அவன் வண்டி ஓட்டல. சக்கரம் ஓடுது, இவன் பின்னால போறான்."

*

இந்தப் பக்கத்துக் கார்களின் கதையில் முன்னால் வந்து நிற்பது ஒரு பெண். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து 1900இல் வேலூருக்குத் திரும்பியவர். 1902இல் நாற்பது படுக்கைகளோடு ஆஸ்பத்திரி கட்டினார். இன்றைய சிஎம்சி அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் கிராமத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர முடியவில்லை. தூரம் ஒரு காரணம். வேலூரிலிருந்து குடியாத்தம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு அது ஒரு நாள் பயணம். எனவே ஆஸ்பத்திரி ரோட்டோரத்துக்குப் போகவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். 1909இல் அதற்கு ஒரு கார் வந்தது. பிரெஞ்சு பியூஜோ, ஒரே சிலிண்டர். குடியாத்தம் சாலையில் மருந்துப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் போய், மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். முதலில் அந்த வண்டியைப் பார்த்துப் பயந்து ஓடிய ஊர்க்காரர்களே பிறகு அதன் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் காலத்துக் காரை ஓட்டுவது என்றால் என்ன என்று இன்றைக்கு நினைத்துப் பார்ப்பது கடினம். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பவேண்டும். நேரம் தவறிச் சுற்றினால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும். பங்க் கிடையாது. பெட்ரோல் தகர டின்னில் வரும். இரவு விளக்குக்குக் கார்பைடில் தண்ணீர் சொட்டவிட்டு வரும் வாயுவை எரிக்கவேண்டும். எண்ணெய் சரியாகப் போகிறதா என்று ஓட்டுகிறவரே அடிக்கடி பார்க்கவேண்டும். ரோடு முழுக்க மாட்டு லாடத்தின் ஆணி. டயருக்கு அதுதான் எமன்.

பஞ்சர் ஆனால் மாற்றுச் சக்கரம் கிடையாது. அந்தக் காலத்துக் கார்கள் நான்கு சக்கரத்தோடுதான் விற்கப்பட்டன. ஓரத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி, ட்யூபை ஒட்டி, மறுபடி மாட்டிக் காற்றடிக்கவேண்டும். 1904இல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். காற்றடித்த டயர் மாட்டிய, ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதை இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம். தெருவின் பெயரே சாமானுக்கும் வந்தது. வேல்ஸில் அந்தக் கடை போய்விட்டது. இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். நம்மூரில் இன்னும் லாரி கிளீனர் பையன் முதல் கலெக்டரின் டிரைவர் வரை எல்லோர் வாயிலும் 'ஸ்டெப்னி' இருக்கிறது. சேம அச்சு என்ற நல்ல சொல்லை நாம் விட்டுவிட்டோம், யாரோ விட்ட சொல்லை எடுத்துக்கொண்டோம். பொருள் ஒன்றுதான்.

மருந்துப்பெட்டியோடு காத்திருக்கும் நோயாளிகளிடம் போகவேண்டிய காருக்கு, கெட்டு நிற்பது வெறும் தொல்லை அல்ல. ஒரு வாரம் வராவிட்டால் மரத்தடியில் காத்திருந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்பிப்போகும். அந்த மாதிரி வண்டிக்குக் காலையில் எண்ணெய் பார்ப்பதும் மருத்துவத்தில் சேர்த்திதான்.

*

இரண்டாம் உலகப்போர் வந்தபோது இந்தத் தோல் பகுதி பிஸியாக இருந்தது. படைவீரர்களுக்குப் பூட்ஸ் வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய, வெளிநாட்டில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர்பெற்ற சரக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. சரக்கு இருந்தது, ஏற்றிப்போக எண்ணெய் இல்லை. 1941இல் இந்தியாவில் பெட்ரோல் ரேஷன் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கும் பிரிட்டிஷ் படையே அழித்துவிட்டுப் போனது.

அப்போது வந்தது கரி பஸ். வயதானவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவார்கள். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரி. கீழே நெருப்பு. காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதிலாக எரியும். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஈடாக 12 முதல் 15 ராத்தல் கரி தேவைப்படும். எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேடு வந்தால் ஆள்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

இதே வழிதான் உலகம் முழுக்க. ஜெர்மனியில் போர் முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் வண்டிகள் விறகு வாயுவிலும் கரி வாயுவிலும் ஓடின. லண்டனில் மாடி பஸ்கள், வாயு தயாரிக்கும் அடுப்பை இரண்டு சக்கர டிரெயிலரில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போயின. காரைப் பொறுத்தவரை ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு ஏற்பாடு இருந்தது. டிக்கி பக்கத்தை வெட்டி அடுப்பை மாட்டுவது ஒன்று. சின்ன டிரெயிலரில் வைத்து இழுப்பது இன்னொன்று. ஆக, பிளஷர் கார் என்று நாம் சொல்லும் சொந்தக் காரின் பின்னால் டிரெயிலர் கட்டி இழுப்பது, குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகிறவர்களின் வழக்கமாகப் பரவுவதற்கு முன், பல நாடுகளில் எரிபொருள் இல்லாதவர்களின் கட்டாயமாக இருந்தது.

கரி பஸ்ஸை யாரும் பராமரிக்காமல் ஓட்ட முடியாது. விடியற்காலையில் ஒரு ஆள் வந்து சாம்பலை வாரவேண்டும். கட்டிபட்டுப்போன கசடை உடைத்து எடுக்கவேண்டும். வடிகட்டியைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். பிறகு கரி கொட்டி, நெருப்பு வைத்து, பின்னாலிருக்கும் விசிறியின் கைப்பிடியைக் கால்மணி நேரம் சுற்றவேண்டும். மூடியின் ஓரத்தில் வாயு கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய ஷெட்டில் கசிந்தால் ஆள் தூங்குகிற மாதிரியே செத்துப்போவான். ஸ்பார்க் பிளக்கை அடிக்கடி துடைக்கவேண்டும். எஞ்சின் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டியைத் தாண்டி வந்த சாம்பல் பிஸ்டனை அரைத்துவிடும்.

தாத்தா அப்போது இருபது வயதுப் பையன். ஆலங்காயத்திலிருந்து பட்டையோடு கரி மூட்டையும் ஏற்றிவருவார். "அந்த வண்டிக்கும் மாட்டுக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்லடா. தெனம் காலைல வயித்தக் கழுவி, தீனி வச்சி, தட்டிக் கொடுக்கணும். ஒரு நாள் வுட்டா அன்னிக்கே நின்னுக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒருநாள் விட்டால் அன்றைக்கே நின்றுவிடும். மாடும் அப்படித்தான். பின்பாரம் ஏற்றினால் தொண்டை இறுகும், மாடு நகராது. அச்சுக்கு மை இல்லாவிட்டால் வண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். பியூஜோவும் கரி பஸ்ஸும் தப்பை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்தன. தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே இடைவெளி இல்லாததால், கவனிப்பது பழக்கமாக இருந்தது. யாரும் அதைப் பராமரிப்பு என்று தனியாகச் சொல்லவில்லை.

பிறகு வந்த வண்டிகள் நல்ல வண்டிகள். அதுதான் சிக்கல். காருக்குக் கழுத்து கிடையாது.

*

போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல்' வண்டி என்று பெயர். ஜீப்பும் அப்படி வந்தது. 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் இங்கேயே ஜீப்பைப் பூட்டிச் சேர்க்க ஆரம்பித்தது. ராணுவ ஜீப்புக்குக் கூடவே ஒரு குட்டி டிரெயிலர் உண்டு. கால் டன் டிரெயிலர் என்பார்கள். 500 ராத்தல், அதாவது ஏறக்குறைய 227 கிலோ ஏற்றலாம். ஜீப்பின் பின்னால் ஒரு வாய்திறந்த இரும்புக் கொக்கி. டிரெயிலரின் முனையில் ஒரு வளையம். வளையத்தைக் கொக்கியில் மாட்டி, மேல்வாயை மூடி, ஒரு பின் சொருகிப் பூட்டவேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் டிரெயிலர் ஓடிவிடாமலிருக்க இரண்டு பக்கமும் சங்கிலி.

அப்பா ஓட்டியதும் அப்படி ஒரு பழைய டிரெயிலர்தான். எத்தனை கை மாறி வந்ததோ. அதற்குப் பதிவு இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. டிரெயிலர் என்பது சட்டப்படி தனி வண்டி. அதற்கென்று தனிப்பதிவும் இன்ஷூரன்சும் வேண்டும் என்பது அந்த முதலாளிக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

ஏற்றிய சரக்கும் மாறியிருந்தது. 1972இல் சீதாராமையா குழு, பதப்படுத்தாத தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் ஏற்றுமதி செய்வதைவிட, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் அனுப்பவேண்டும் என்று சொன்னது. அரசு அந்த வழியில் தடைகளையும் சலுகைகளையும் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஆம்பூர் ஷூ ஊர் ஆனது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தது. குரோமியத்தில் ஊறி நீலநிறத்தில் வெளியே வரும் ஈரத்தோலுக்கு 'வெட் ப்ளூ' என்று பெயர். ஒரு டேனரியில் வெட் ப்ளூ ஆகும், இன்னொரு ஊரில் முடிப்பு வேலை நடக்கும். ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் எப்போதும் சரக்கு போய்க்கொண்டே இருக்கும். அவசரம் என்றால் லாரிக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஜீப், கார் எது கிடைத்தாலும் ஏற்றுவார்கள்.

காய்ந்த பட்டைக் கட்டு ஏற்றிய இடத்தில் இருக்கும். ஈரத்தோல் அப்படி இருக்காது. வழுக்கும். தண்ணீர் கீழே இறங்கி, சாய்ந்த பக்கம் போகும். அன்றைக்குத் தோலை ஏற்றிய பையன்கள் டிரெயிலரின் பின்கதவைத் திறந்து, அங்கே நின்றே உள்ளே எறிந்தார்கள். முன்பக்கம் போய் அடுக்க யாருக்கும் நேரமில்லை. பாரம் அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல். பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால். கொக்கியைப் பூட்டும் பின் ரெண்டு மாதம் முன்பே தொலைந்துபோயிருந்தது. அதன் இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தார்கள். சங்கிலி ஒரு பக்கம்தான் இருந்தது. அதுவும் ஒரு கண்ணி தேய்ந்து மெலிந்துபோனது. "நாளைக்கு மாத்திக்கலாம்" என்று அப்பா அறுபது நாள் சொல்லியிருக்கிறார். அறுபது நாளும் ஒன்றும் ஆகவில்லை.

தாத்தா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்தது இதைத்தான். பின்பாரத்தால் ஏர்க்கால் தூக்கும். இங்கே தூக்கியது டிரெயிலரின் வளையம். அது கொக்கியின் மேல்வாயை உள்ளிருந்து இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. மாட்டின் தொண்டை இறுகவேண்டிய இடத்தில் ஒரு கட்டுக்கம்பி இறுகியது. இறக்கத்தில் வால் ஆடியபோது அப்பா பயந்து பிரேக்கை அழுத்தினார். டிரெயிலர் ஆடினால் செய்யக்கூடாதது அதுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிடவேண்டும். பிரேக் போட்டதும் பின்னாலிருந்து பாரம் தள்ளியது, கம்பி அறுந்தது, வளையம் வெளியே வந்தது, மெலிந்த கண்ணி ஒரு நொடி தாங்கவில்லை.

மாடாக இருந்தால் டேனரி வாசலிலேயே நின்றிருக்கும். ஜீப் ஒன்றும் சொல்லாமல் மாதனூர் வரை இழுத்துக்கொண்டு போனது.

*

வழக்கு நான்கு வருடம் நடந்தது. முதலாளி கொஞ்சம் கொடுத்தார், அப்பா கொஞ்சம் கொடுத்தார். அம்மாவின் நகை போனது. காலை இழந்தவருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு?

அப்பா அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. ஆம்பூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்தார். அம்பாசடர், பத்மினி, பிறகு மாருதி. அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. வந்துபோகும் ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். எண்ணெய் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், பிரேக் ஷூ எவ்வளவு மிச்சம், ஸ்டெப்னியில் காற்று இருந்ததா. ஓடாத சக்கரத்தின் காற்றை யார் பார்ப்பார்கள்? அப்பா பார்த்தார். தேதி தாண்டிவிட்டால் காரின் சொந்தக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்புவார். "வண்டி நல்லாத்தான் ஓடுது, இன்னாத்துக்கு இப்போ?" என்று கேட்பார்கள். "நல்லா ஓடறப்போவே குட்த்துடுங்க சார்" என்பார்.

வண்டி பேசுவதை நிறுத்திய பிறகு, அதன் இடத்தில் தேதி வைத்து நாமே பேசிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அந்த நோட்டு அதற்குத்தான். டிரைவர்கள் காலையில் 'எண்ணெய், தண்ணி, காத்து' என்று மூன்று விரலை மடக்குவதும் அதற்குத்தான். மாடு ஒரு முறை தலையை ஆட்டிச் சொன்னதை இப்போது இத்தனை வழியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சட்டமும் தன் பங்குக்குச் சொல்லித்தான் இருக்கிறது. 1989இல் வந்த சாலை விதிமுறைகள், கெட்டுப்போன வண்டியைக் கட்டி இழுக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் தாண்டக்கூடாது, இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் ஸ்டியரிங் பிடிக்கவேண்டும், பின்னால் பலகை மாட்டவேண்டும் என்றெல்லாம் சொன்னது. கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும் என்று கூட எழுதியிருந்தது. இன்றைக்கும் ஆறுவழிச் சாலையில் இரவு நேரத்தில் விளக்கில்லாத டிராக்டர் டிரெயிலரின் பின்னால் கார் சொருகிக்கொண்ட செய்தி வராத மாதம் இல்லை. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தது கைக்கு இறங்கவில்லை.

2020இல் இன்னொன்று நடந்தது. சக்கரத்தில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால், காரில் ஸ்டெப்னி வைக்கத் தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. காரணங்கள் நியாயமானவை. இடம் மிச்சம், எடை மிச்சம். காற்று குறைவதைக் கருவி சொல்வது, சொல்லப்போனால், காருக்குக் கொஞ்சம் கழுத்து திரும்பக் கிடைத்த மாதிரிதான். ஆனால் அந்த விளக்கு எரியும்போது வண்டியை ஓரம் கட்டுகிற ஆள் வேண்டும். அறுபது நாள் 'நாளைக்கு' என்று சொன்ன ஆளுக்கு எந்த விளக்கும் போதாது. இதை அப்பாவே சொன்னார், தன்னைப் பற்றி.

தாத்தா 2001இல் இறந்தார். அப்பா கடைசிவரை, ஷெட்டுக்கு டிரெயிலரோடு எந்த வண்டி வந்தாலும், டிராக்டரோ ஜீப்போ, கழற்றச் சொல்லி, முனையைக் கையால் தூக்கிப் பார்க்காமல் அனுப்பமாட்டார். பின் இருக்கிறதா, இரண்டு சங்கிலியும் இருக்கிறதா, கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போகிறதா என்று குனிந்து பார்ப்பார். குறுக்காகப் போட்டால், கொக்கி விட்டாலும் முனை தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். கட்டுக்கம்பியைக் கண்டால் வெட்டிப்போட்டுவிட்டுத் தன் காசில் பின் வாங்கிச் சொருகுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டப்பாவில் கிரீஸும் பம்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். மாதனூர் பக்கம் ஒருவரிடம் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கையால் சுற்றி ஓட்டுகிறது. அதன் மூன்று சக்கரத்துக்கும் கிரீஸ் வைத்து, காற்றடித்து, செயினைத் துடைத்துவிட்டு வருவார். நான் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். "வாப்பா" என்பார் அவர். அப்பா "வரேண்ணே" என்பார். நடுவில் அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசியது கிடையாது. வேலை முடிந்ததும் அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.